டாக்குத்தருக்கும் பவுணுக்கும் பொருத்தம்

வென்ற்வேர்த்வில், சிட்னி
9 ஜூன் 2024

பூசணிக்கு,

'அன்புள்ள' என்று போடலாமா என்று பத்து நிமிடம் யோசித்துவிட்டு வெறும் பெயரோடு நிறுத்தியிருக்கிறேன். ஐந்து வருடமாகக் கதைக்காதவன் திடீரென்று தபாலில் வந்து நிற்கிறானே என்று நினைப்பீர். கடைசியாகப் போனில் நீர்தான் சொன்னீர்: 'போனிலை நீங்கள் வாயே திறக்கிறேல்லை. ஏதும் சொல்ல இருந்தால் எழுதி அனுப்புங்கோ. எழுத்திலை சும்மா இருக்க ஏலாது.' அதனால் எழுதுகிறேன்.

விசயம் டாக்குத்தரைப் பற்றியது. கலியாணம் முடித்த வருடம் புளக்டவுனில் ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினோமே இரண்டு மலைப்பாம்புக் குட்டிகள், அதில் ஆண். எங்கள் பரம்பரையில் ஒரு டாக்குத்தரும் இல்லை என்ற அம்மாவின் குறையைத் தீர்க்க நீர் வைத்த பெயர். இப்போது ஒன்பது வயது. என்னை விட நீளம். குளிர் தொடங்கியதும் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் நாள் முழுக்கச் சுற்றுகிறார். பெண் தேடுகிறார் என்று அர்த்தம். அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: 'உவருக்கு ஒரு கலியாணத்தைக் கட்டி வை. டாக்குத்தர் மாப்பிளை, பொம்பிளை வீட்டார் வரிசையிலை நிப்பினம்.'

வரிசையில் இரண்டு பேர்தான். ஒன்று, என்னோடு பஸ் ஓட்டும் சுஜீதன் வளர்க்கிற வரிக்காரி, உடம்பு முழுக்க வரி ஓடுகிற பெண் பாம்பு. நல்ல உடம்பு, சாந்தமான குணம். மற்றது உம்மிடம் இருக்கிற பவுண். வாங்கும்போது அந்த மனுசன் சொன்னது நினைவிருக்கும். இரண்டும் பார்க்க மண்ணிறம்தான், ஆனால் இரண்டின் உள்ளேயும் வெள்ளை மறைந்து கிடக்கிறது. வேறு பாம்போடு சேர்த்தால் அது வெளியே வராது. இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தால் நாலில் ஒரு குட்டி வெள்ளையாகப் பிறக்கும். அந்த வெள்ளையைப் பார்க்கத்தானே இரண்டையும் வாங்கினோம்? பவுணுக்கும் ஒன்பது வயது. இனியும் தள்ளிப்போட முடியாது.

பவுணை மாநிலம் தாண்டிக் கொண்டுவர அனுமதி எடுக்க வேண்டும். படிவம் இணைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் உம்முடைய கையெழுத்துத் தேவை. ஒரு பருவம்தான். முட்டையிட்டு உடம்பு தேறியதும் நானே கொண்டுவந்து தருவேன்.

யோகேஸ்வரன்


கிளென் வேவர்லி, மெல்பேர்ன்
20 ஜூன் 2024

அத்தானுக்கு,

விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டவள் இன்னும் அத்தான் என்கிறாளே என்று யோசிக்க வேண்டாம். நீங்கள் எனக்குப் புருசனாக இருந்தது நாலு வருடம். என் அப்பாவின் அக்கா மகனாக இருப்பது நான் பிறந்த நாள் முதல். அதை ரத்துச் செய்ய எந்தக் கோர்ட்டிலும் படிவம் இல்லை.

உங்கள் படிவத்தை நிரப்பாமல் திருப்பி அனுப்புகிறேன்.

பவுண் சுகம். ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அவளுக்கும் நான் ஓரிடம் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன். பிராங்ஸ்ரனில் மகாதேவன் அங்கிள் வளர்க்கும் ஆண். வெள்ளையும் இல்லை, வரியும் இல்லை, ஒரு விசேசமும் இல்லை. அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

வாங்கும்போது தந்த வம்சச் சீட்டு இரண்டும் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் அதை ஒருநாளும் வாசித்திருக்க மாட்டீர்கள். டாக்குத்தரின் தாயும் பவுணின் தகப்பனும் கூடப் பிறந்தவர்கள். ஒரே வெள்ளைப் பாம்பின் பிள்ளைகள். முறை சொல்லப்போனால் நம்மைப் போலவே மச்சானும் மச்சாளும். எங்களுக்கும் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள், பத்தும் பொருந்தியது என்று மாமி ஹரிஸ் பார்க் முழுக்க லட்டுக் கொடுத்தார். ஒரு சொட்டு இரத்தம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள் நான்.

ஆரூரன் எட்டு மாதம் இருந்தான். ஒரு நொதி அவன் உடம்பில் ஊறவேயில்லை. அந்தக் குறை உங்களிடமும் என்னிடமும் மறைந்து இருந்தது, இரண்டும் சேர்ந்ததால் பிள்ளையில் வெளியே வந்தது என்று டொக்டர் படம் கீறிக் காட்டினார். அந்தப் படத்துக்கும் நீங்கள் பவுணைப் பற்றி எழுதியிருப்பதற்கும் என்ன வித்தியாசம்? நாலில் ஒன்று என்று நீங்கள் சந்தோசமாக எழுதுகிறீர்கள். அதே நாலில் ஒன்றுதான் ஆரூரன்.

நாகபூசணி


வென்ற்வேர்த்வில்
1 ஜூலை 2024

பூசணி,

நீர் சொன்னது சரி. நான் சீட்டை வாசிக்கவில்லை. 'நாலில் ஒன்று' என்று எழுதியபோது எனக்கு ஆரூரன் நினைவு வரவில்லை. வந்திருக்க வேண்டும். அதற்காக வெட்கப்படுகிறேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல விடும். பாம்பில் வெள்ளை ஒரு வருத்தம் இல்லை, நிறம். வெள்ளைக் குட்டி மற்றக் குட்டியைப் போலவே எலி தின்னும், இருபது வருடம் இருக்கும். நான் இங்கே மிருக டொக்டரிடம் கேட்டேன். ஒரு தடவை சொந்தத்துக்குள் சேர்த்தால் பெரிதாகப் பாதகமில்லை, திரும்பத் திரும்பச் சேர்த்தால்தான் பிழை என்றார். உமக்குப் பிடிக்காவிட்டால் விடுவோம். டாக்குத்தருக்கு வரிக்காரியைக் கேட்கிறேன்.

அம்மா இப்போது பாம்பறையில் தினமும் அரை மணித்தியாலம் கதிரை போட்டு இருக்கிறார். முழங்கால் வருத்தம், வெளியே போவது குறைவு. நயினாதீவு நாக அம்மனின் ஆள் என்று டாக்குத்தருக்கு மரியாதை வேறு. வெள்ளிக்கிழமை அவருக்கு எலி போட விடமாட்டார். 'வெள்ளியிலை மச்சம் குடுக்காதை' என்கிறார். அதனால் எங்கள் டாக்குத்தர் விரதகாரர். அது ஏன் தோல் கழற்றுகிறது, இது ஏன் நாக்கை நீட்டுகிறது என்று ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

மற்ற விசயத்தை நீர் எழுதவில்லை, ஆனால் அதைத்தான் கேட்கிறீர் என்று தெரியும். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. குறை உம்முடைய அம்மாவின் பக்கத்தால் வந்தது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறார். என்னிலும் இருந்தது என்று சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி கேட்பார். தன்னிலிருந்து என்று தெரிந்தால் அம்மா தாங்க மாட்டார். தம்பியின் பிள்ளை வெளியே போகக்கூடாது என்று இந்தச் சம்பந்தத்தைக் கட்டாயப்படுத்திச் செய்ததே அவர்தானே.

யோகேஸ்


கிளென் வேவர்லி
9 ஜூலை 2024

அத்தான்,

வேறு படிவம் எடுத்துக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அவசரப்பட்டுச் சந்தோசப்பட வேண்டாம், முழுக்க வாசியுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மாமி கதிரை போட்டு இருக்கிறார், எல்லாம் கேட்கிறார் என்ற இடத்தில் ஒவ்வொரு தரமும் நின்றேன். பிறகு மகாதேவன் அங்கிளுக்குப் போன் எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு என்னில் கோபம்.

டாக்குத்தரும் பவுணும் சேரட்டும். எனக்கு ஒரேயொரு நிபந்தனை. முட்டை வெடித்துக் குட்டி வெளியே வரும் நாளில் மாமி அந்தக் கதிரையில் இருக்க வேண்டும். இரண்டு மண்ணிறப் பாம்புக்கு வெள்ளைக் குட்டி எப்படி வந்தது என்று மாமி கேட்பார், கேட்காமல் இருக்க அவரால் முடியாது. கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள். பாம்போடு நிறுத்தாமல் ஆரூரன் வரைக்கும் சொல்ல வேண்டும்.

வெள்ளையே வராமல் போனால் என்ன செய்வது என்று உங்கள் மூளை இப்போதே ஓடியிருக்கும். பதினைந்து முட்டை இட்டால், ஒன்றுகூட வெள்ளை இல்லாமல் போக நூறில் ஒரு பங்குதான் சாத்தியம். நான் கணக்குப் போட்டுவிட்டேன்.

27ஆம் திகதி சனிக்கிழமை ஆல்பரி வரைக்கும் நான் கொண்டுவருகிறேன். மிச்ச வழி உங்களுடையது.

நாகபூசணி


வென்ற்வேர்த்வில்
18 ஆகஸ்ட் 2024

பூசணி,

பவுண் பத்திரமாக வந்து சேர்ந்தாள். ஆல்பரியில் நீர் பெட்டிக்குள் வைத்துவிட்ட சுடுபொட்டலம் கல்பேர்ன் வரை சூடு பிடித்தது. உம்மோடு ஒரு தேத்தண்ணி குடிக்கக் கேட்டிருக்கலாம். பெட்டியை வாங்கி 'பாரம்' என்று மட்டும் சொன்னேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு கண்ட மனுசியிடம் சொன்ன ஒரே சொல். வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது என்னை நானே ஏசிக்கொண்டேன்.

ஒரு கிழமை தனியே வைத்துவிட்டு, 4ஆம் திகதி டாக்குத்தரின் பெட்டியில் விட்டேன். முதல் மூன்று நாள் இருவரும் ஆளுக்கொரு மூலை. ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி. அம்மா கவலைப்பட்டார்: 'பொம்பிளைக்குப் பிடிக்கேல்லைப் போல. மெல்பேர்ன் பொம்பிளை, எடுப்பு இருக்கும்தானே.' நாலாம் நாள் டாக்குத்தர் அவளின் முதுகு வழியே மெதுவாக ஏறி, வாலடியில் இருக்கிற சின்ன முள்ளால் சுரண்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்குப் பின்னேரம் இரண்டு வாலும் பின்னிக் கிடந்தன. அம்மா கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தேவாரம் படித்தார்.

பிறகு நாலைந்து தடவை சேர்ந்துவிட்டார்கள். உம்முடைய நிபந்தனை நினைவிருக்கிறது.

யோகேஸ்


கிளென் வேவர்லி
3 செப்ரெம்பர் 2024

அத்தான்,

பவுணுக்கு நடுத்தர எலிதான் போடுங்கள், பெரியது போட்டால் கக்கிவிடுவாள். வயிற்றின் நடுவில் வீங்கி, மல்லாந்து படுக்கத் தொடங்கினால் உடனே எழுதுங்கள்.

நான் ஏன் இதில் பிடிவாதமாக நிற்கிறேன் என்று உங்களுக்கு ஒரு விசயம் தெரிய வேண்டும். போன ஞாயிறு அம்மாவைக் கரம் டவுன்ஸ் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். வீதி சுற்றும்போது சிட்னியிலிருந்து வந்த ஒரு அன்ரி அம்மாவின் கையைப் பிடித்து, 'நீங்கள்தானே நாகபூசணியின்ரை தாய்? உங்கடை பக்கத்திலை முந்தியும் இப்பிடிப் பிள்ளையள் பிறந்ததோ?' என்று கேட்டார். பாவம் பார்த்துக் கேட்கிற குரல். அம்மா 'எங்களுக்குத் தெரிஞ்சு இல்லை' என்று சொல்லிவிட்டுச் சாமியைப் பார்க்காமலே கார் நிற்கிற இடத்துக்கு நடந்துவிட்டார்.

அம்மாவின் இரத்தத்தையும் ஆரூரன் போன பிறகு சோதித்தார்கள். அவரிடம் ஒன்றுமே இல்லை. எனக்கு வந்தது அப்பாவிடமிருந்து. அப்பாவுக்கும் மாமிக்கும் ஒரே தாய் தகப்பன். இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தது மாமி சொன்னது மட்டும்தான்.

நாகபூசணி


வென்ற்வேர்த்வில்
24 நவம்பர் 2024

பூசணி,

நல்ல செய்தி முதலில். பவுண் 8ஆம் திகதி காலையில் பதினாறு முட்டை இட்டாள். இரண்டு மஞ்சளாகச் சப்பையாக இருந்தன, எடுத்துவிட்டேன். பதினாலு அடைபெட்டிக்குள் முப்பத்தொரு பாகை சூட்டில் இருக்கின்றன. முட்டையைச் சுற்றிக் கிடந்தவளை எடுக்க என் கையில் இரண்டு தரம் கடித்தாள். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். உம்முடைய பிள்ளை உம்மைப் போலவே பிடிவாதம்.

மற்றது. போன மாதம் அம்மா தலைசுற்றி விழுந்துவிட்டார். பிரஷர். இரண்டு நாள் ஆசுப்பத்திரியில் வைத்திருந்தார்கள். எழுபத்தொரு வயது. கவலை கொடுக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் உமக்குத் தந்த வாக்கை மறுக்கவில்லை. ஆனால் பாம்பைப் பற்றி மட்டும் இப்போதைக்குச் சொல்லட்டுமா? கேட்டுக் கேட்டு அவரே ஒருநாள் யோசித்துக் கண்டுபிடிக்கலாம். நானாகப் போட்டு உடைத்தால் ஏதும் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு இருக்கிறது அம்மா ஒராள்தான்.

கோபிக்க வேண்டாம்.

யோகேஸ்


கிளென் வேவர்லி
2 டிசெம்பர் 2024

அத்தான்,

மாமி விழுந்தது எனக்குக் கவலை. உண்மையாகவே. சின்ன வயதில் எனக்குத் தலை பின்னி விட்டவர் அவர். என் அம்மாவை விட இறுக்கமாகப் பின்னுவார்.

இதைக் கோபமில்லாமல் எழுதப் பார்க்கிறேன். ஆரூரனுக்கு ஏழு மாதம். சோதனை முடிவு தபாலில் வந்த நாள். நீங்கள் கடிதத்தை உடைத்து வாசித்தீர்கள், நான் வாசித்தேன், மடித்து உங்கள் சட்டைப் பைக்குள் வைத்தீர்கள். குசினிக்குள் போனோம். மாமி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார், அம்மா சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். 'என்னவாம்?' என்று மாமி கேட்டார். 'பரம்பரையாலை வாறதாம்' என்றீர்கள். மாமி என் அம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னார்: 'எங்கடை பரம்பரையிலை அப்பிடி ஒண்டும் இல்லை. வெளியாலை வந்ததுதான்.' நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தீர்கள். இரண்டு பேரிலும் இருக்கிறது என்று எழுதிய கடிதம் உங்கள் நெஞ்சிலே இருந்தது. எடுத்து வாசித்துக் காட்ட ஒரு நிமிடம் போதும்.

நான் உங்களை விட்டு வந்தது பிள்ளை போனதால் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த ஒரு நிமிடத்தால்தான் வந்தேன். ஒரு வருடம் பொறுத்திருந்தேன், நீங்கள் அடுத்த நாள் சொல்வீர்கள், அடுத்த கிழமை சொல்வீர்கள் என்று.

மாமிக்கு நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் மருமகள் குற்றம் சாட்டுகிறாள் என்று ஆகிவிடும். மகன் சொன்னால்தான் அது செய்தி. மாமிக்கு ஏதும் நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். என் அம்மாவுக்கு நடந்துகொண்டே இருக்கிறது, அது உங்கள் கண்ணில் படவில்லை.

வாக்கை விட்டுத்தர மாட்டேன். சொல்லாவிட்டால் பவுணைத் திருப்பி அனுப்புங்கள். அதற்குப் பிறகு அத்தான் என்றும் எழுத மாட்டேன்.

நாகபூசணி


வென்ற்வேர்த்வில்
6 ஜனவரி 2025

பூசணி,

சொல்லிவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலை முதல் முட்டை கீறியது. மத்தியானத்துக்குள் நாலு முட்டையில் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா குளித்து, திருநீறு பூசி, கதிரையைக் கொண்டுவந்து போட்டு இருந்தார். முதல் குட்டி மண்ணிறம். இரண்டாவதும் மண்ணிறம். மூன்றாவது மெதுவாகத் தலையை வெளியே விட்டது. வெள்ளை. இளஞ்சிவப்புக் கலந்த வெள்ளை, கண் இரண்டும் சிவப்பு. அம்மா கும்பிட்டார். 'இதென்னடா, அவிச்ச பனங்கிழங்கு மாதிரி' என்றார். பிறகு நீர் சொன்ன மாதிரியே கேட்டார்.

'தாயும் தேப்பனும் மண்ணிறம். இது எங்காலை வந்தது?' என்னைப் பதில் சொல்லவும் விடவில்லை. 'பவுணின்ரை பக்கமாத்தான் இருக்கும்.'

எனக்கு அந்தக் குசினி நினைவு வந்தது. கையில் இந்தத் தடவை கோப்பை இல்லை. 'ரண்டு பேரிட்டையும் இருந்தது, அம்மா. ஒராளிட்டை மட்டும் இருந்தால் வெளியிலை வராது' என்றேன்.

'டாக்குத்தரிட்டையுமோ?'

'ஓம். பாத்தால் தெரியாது. உள்ளுக்கை இருக்கும்.' நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் திரும்பத் தொடங்கியிருக்க மாட்டேன். 'ஆரூரனும் அப்பிடித்தான், அம்மா. பூசணியிட்டையும் இருந்தது, என்னட்டையும் இருந்தது. பூசணிக்கு மாமாவிட்டை இருந்து. எனக்கு உங்களிட்டை இருந்து. பூசணியின்ரை அம்மாவிட்டை ஒண்டும் இல்லை, சோதிச்சவை. என்னட்டையும் இருக்கெண்டு அந்தக் கடிதம் வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும்.'

அம்மா விழவில்லை, அழவுமில்லை. அடைபெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொண்டுவரவா என்று கேட்டேன், கையால் வேண்டாம் என்றார். பிறகு சொன்னார்.

'எனக்கும் தம்பிக்கும் நடுவிலை அம்மாவுக்கு ரண்டு பிள்ளையள் பிறந்தது. ரண்டும் வருசம் திரும்ப முதல் செத்தது. பால் குடுத்தால் நிக்காது, கழுத்து நிமிராது. மாந்தம் எண்டு சொன்னவை.'

இது எனக்குத் தெரியாது, பூசணி. மாமாவும் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

'ஆரூரனை ஆசுப்பத்திரிக் கட்டிலிலை கண்ட அண்டைக்கே எனக்கு அந்தப் பிள்ளையள் நினைவு வந்தது. உனக்குச் சொன்னால் நீ தாங்க மாட்டாய் எண்டுதான் சொல்லேல்லை.'

அவர் எனக்குச் சொல்லவில்லை, நான் அவருக்குச் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்து, ஒரே சோறு தின்று, ஏழு வருடம் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம். அடி முழுக்க உங்கள் வீட்டில் விழுந்திருக்கிறது.

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் கோழை. மன்னிப்புக் கேட்கிறேன். இதற்கு நீர் பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

அம்மா இரண்டு நாளாக அறையை விட்டு அதிகம் வரவில்லை. இன்று காலை வந்து, 'மச்சாளின்ரை நம்பரை எழுதித் தா' என்றார். உம்முடைய அம்மாவின் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கடதாசியைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். எடுப்பாரோ தெரியாது.

பதினாலில் பதின்மூன்று குட்டி உயிரோடு. மூன்று வெள்ளை.

யோகேஸ்


கிளென் வேவர்லி
16 ஜனவரி 2025

அத்தான்,

வெள்ளைக் குட்டிகளை எதற்கும் சொந்தத்துக்குள் திரும்பச் சேர்க்க வேண்டாம். கொடுக்கும்போது வம்சச் சீட்டைத் திருத்தமாக எழுதி, வாசிக்கச் சொல்லிக் கொடுங்கள். பவுணை மாசி மாதம் கொண்டுவந்தால் போதும். அவளின் நிறை தேறட்டும். இந்தத் தடவை ஆல்பரியோடு திரும்ப வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள். மாமிக்குக் கார்ப் பயணம் ஏலும் என்றால் அவரையும் கூட்டி வாருங்கள். அதற்கு மேல் ஒன்றும் நினைக்க வேண்டாம். நான் திரும்பி வருவது பற்றி இதில் எழுதவில்லை, எழுதவும் தோன்றவில்லை. உங்களில் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. உள்ளதைத்தான் சொல்ல முடியும்.

மாமி போன் எடுத்தார். பொங்கல் அன்று காலை, பானை இறக்கிக் கொஞ்ச நேரத்தில். அம்மாவின் கை முழுக்கச் சக்கரையும் நெய்யும், அதனால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். நான் பக்கத்தில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தேன், அதனால் எல்லாம் கேட்டது.

மாமி சுகம் விசாரிக்கவில்லை. பாடமாக்கி வைத்திருந்ததை மறப்பதற்கு முன்னால் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்: 'மச்சாள், நான் வதனா கதைக்கிறன். உங்களைப் பற்றி நான் கதைச்சதெல்லாம் பொய். குறை எங்கடை வீட்டிலை இருந்துதான் வந்தது. எனக்கு அது மனதிலை பட்டும் பழியை உங்களிலை போட்டனான். ஆரார் காதிலை சொன்னனோ அவைக்கெல்லாம் நான் திருப்பிச் சொல்லுவன்.'

அம்மா அடுப்பை அணைத்தார். பிறகு, 'சரி மச்சாள். பொங்கியாச்சே?' என்றார். மாமி இனித்தான் என்றார். இரண்டு பேரும் முழங்கால் வருத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார்கள். வைத்துவிட்டார்கள்.

எனக்கு அம்மாவில் கோபம் வந்தது. ஏழு வருடத்துக்குப் 'பொங்கியாச்சே' தானா? நன்றாக நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? கேட்பதற்காகத் திரும்பினேன். அம்மா குசினிக் கதிரையில் இருந்துவிட்டார். நெய்க் கையோடு.

'பிள்ளை, அப்ப என்ரை இரத்தத்திலை உண்மையாவே ஒண்டும் இல்லையோ?' என்று கேட்டார்.

அத்தான், அந்தச் சோதனை முடிவை நான் அம்மாவுக்கு எத்தனை தடவை காட்டியிருப்பேன். தமிழில் எழுதியே கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் 'சரி பிள்ளை' என்று மடித்துத் தந்துவிடுவார். தன்னைத் தேற்ற நான் பொய் சொல்கிறேன் என்று இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறார். ஊர் நம்பியதை விட அவர் கூடுதலாக நம்பியிருக்கிறார்.

'இல்லை, அம்மா. ஒண்டுமே இல்லை' என்றேன்.

ஆரூரனின் கடைசி மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். அம்மா எங்கள் வீட்டிலேயே நின்றார். சமைத்தார், அவனுடைய உடுப்பெல்லாம் தோய்த்தார், பாட்டுப் படித்தார். அவனைத் தூக்க மட்டும் மாட்டார். நான் கொடுத்தாலும் கை ஈரம், கை அழுக்கு என்று விலகிப் போவார். குழாய் பூட்டிய பிள்ளையைத் தூக்கப் பயம் என்று நான் நினைத்தேன்.

அம்மா தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

'அப்ப நான் அவனைத் தூக்கியிருக்கலாம்.'

நாகபூசணி